திண்ணை நமதாகட்டும்!
சொந்தக் கணினியில் ஓர் அரட்டை அரங்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

மனிதன் கூடி வாழப் பிறந்தவன். கூடி வாழ்கிறவன் பேசாமல் இருத்தல் இயலாது. ஆற்றங்கரையிலும் ஆலமரத்தடியிலும் பேசினான்; பிறகு திண்ணையில் அமர்ந்து பேசினான். நம் புதுச்சேரியின் வைசியாள் வீதியில் நடந்து செல்வோர் இன்றும் அத்தகைய பழைய வீடுகளைக் காணலாம். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம். அதன் உட்புறம் திண்ணை. அண்டை வீட்டாரும் அமரலாம், வழிப்போக்கரும் அமரலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. திண்ணை வீட்டுக்காரருக்குச் சொந்தம். அவர் எழச் சொன்னால் எழத்தான் வேண்டும்.

இன்று நம் திண்ணை கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. வகுப்பு மாற்றம், தேர்வுக் கட்டணம், குறிப்புகள், வாழ்த்துகள் அனைத்தும் அங்கேதான். அந்தத் திண்ணை யாருடையது? கைபேசி இல்லாதவனுக்கு அதில் இடம் உண்டா? நாமே ஒன்று கட்டிக்கொள்ள முடியுமா? இக்கேள்விகளுக்கு எங்கள் வகுப்பு கண்ட விடையே இக்கட்டுரை.

ஏன் இந்த முயற்சி?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபின் இரவுக் காவல் பணிக்குச் செல்கிறார். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. மாலையில் அவரோடு புறப்பட்டுப் போகும். காலையில் அவர் திரும்பும்போது நான் கல்லூரிக்குக் கிளம்பியிருப்பேன்.

முதலாண்டில் தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது என்ற செய்தி ஒரு மாலையில் வகுப்புக் குழுவில் வந்தது. கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது என்று அப்பா குழுச் செய்திகளை மொத்தமாக அழித்துவிட்டார். அவர்மேல் பிழையில்லை. அதில் பாதி காலை வணக்கப் படங்கள். வகுப்பில் ஒருவரும் இதைப் பற்றி வாய்திறந்து பேசவில்லை. எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்! நாள் கடந்தபின்தான் எனக்குத் தெரிந்தது. அபராதம் பெரிய தொகையன்று. ஆனால் அது அம்மா சுய உதவிக் குழுவில் கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பணம். அம்மா கடிந்து பேசவில்லை. “இனிமே யாரையாவது கேட்டுத் தெரிஞ்சிக்கோ தம்பி” என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. மற்றவர்க்குத் தாமாக வந்து சேரும் செய்தியை நான் மட்டும் ஏன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

விசாரித்தேன். எங்கள் வகுப்பில் 48 பேர். சொந்தமாகக் கைபேசி இல்லாதவர்கள் என்னையும் சேர்த்து 6 பேர். ஒருத்திக்கு வீட்டில் அனுமதி இல்லை. ஒருவன் அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்கிறான். ஆனால் எங்கள் அனைவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. ஆய்வகத்திலும் நூலகத்திலும் கணினி உண்டு. கணினியில் உலாவி உண்டு. உலாவியில் திறக்கும் அரட்டை அரங்கம் ஒன்று இருந்தால் கைபேசி எதற்கு? தொலைபேசி எண்தான் எதற்கு?

அரட்டையின் உள்ளமைப்பு

கணினி வழி அரட்டையில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது சர்வர் எனப்படும் வழங்கி. இது அஞ்சல் நிலையம் போன்றது. ஒருவர் அனுப்பும் செய்தியைப் பெற்று உரியவர்க்கு அனுப்பும். இரண்டாவது கிளையண்ட். நாம் தட்டச்சு செய்யவும் படிக்கவும் திரையில் தோன்றும் மென்பொருள் இது. மூன்றாவது நெறிமுறை. வழங்கியும் கிளையண்டும் தம்முள் பேசிக்கொள்ளும் மொழி இது. முகவரியை எங்கே எழுதுவது, அஞ்சல் தலையை எங்கே ஒட்டுவது என்று ஒரு முறை இருப்பதைப் போன்றதே இதுவும்.

கைபேசிச் செயலிகளில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். ஆனால் நெறிமுறையை ஊரறிய வெளியிட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் வழங்கி அமைக்கலாம். யார் வேண்டுமானாலும் கிளையண்ட் எழுதலாம். இவ்வாறு அமைந்த அரட்டை முறைகளுள் மூத்தது ஐ.ஆர்.சி. பின்லாந்து நாட்டின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் அதை உருவாக்கினார். 1993இல் அதன் நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. பின்னர் 1999இல் ஜாபர் தோன்றியது. அதுவே இன்று எக்ஸ்.எம்.பி.பி. எனப்படுகிறது. 2014இல் மேட்ரிக்ஸ் வந்தது. 1988இல் பிறந்த கிழவரே இன்றும் நடமாடுகிறார் என்பது வியப்பன்றோ!

பொது நெறிமுறையால் என்ன பயன்?

இதற்கு இரு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டலாம்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்தன. பராமரிப்புப் பணியின்போது தரப்பட்ட ஒரு தவறான கட்டளை அந்நிறுவனத்தின் கணினி மையங்களை ஒன்றோடொன்று துண்டித்துவிட்டது. இலண்டனிலும் இலாசுப்பேட்டையிலும் ஒரே நேரத்தில் பேச்சு நின்றது. காத்திருப்பதைத் தவிர ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் வேறொன்று நடந்தது. கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் பல ஆண்டுகளாகக் கூடிவந்த ஃபிரீநோட் என்னும் ஐ.ஆர்.சி. வலையமைப்பில், அது யாருடைய கட்டுப்பாட்டில் இருப்பது என்று பூசல் எழுந்தது. அதை நடத்திவந்த தொண்டர்கள் கூட்டாக விலகி, மே 19 அன்று லிபேரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். பயனர்கள் என்ன செய்தார்கள்? தம் கிளையண்டில் வழங்கியின் முகவரியை மட்டும் மாற்றினார்கள்! திண்ணைக்காரரோடு ஒத்துவரவில்லை, கூட்டம் அப்படியே எழுந்து அடுத்த திண்ணைக்குப் போய்விட்டது. நெறிமுறை பொதுவாக இருந்ததால்தான் இது இயன்றது.

இதை அரசுகளும் உணர்ந்துள்ளன. 1954 வரை நம் ஊரை ஆண்ட பிரான்சு, தன் அரசு ஊழியர்களுக்கென 2019இல் ச்சாப் என்னும் அரட்டைச் செயலியை மேட்ரிக்ஸ் நெறிமுறையின்மேல் அமைத்து, தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கியது. தமிழகத்தை இருப்பிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ 2021இல் வந்தது. 2025 செப்டம்பரில் நாடெங்கும் அதைத் தேடிப் பதிவிறக்கினார்கள். நம்மவர் ஆக்கம் என்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அதுவும் ஒரு நிறுவனத்தின் திண்ணைதான். நான் இங்குப் பேசுவது நாமே மண் குழைத்துப் பூசும் திண்ணையைப் பற்றி.

நாங்கள் அமைத்த விதம்

துறைத் தலைவர் ஐயாவிடம் சென்று கேட்டபோது, “எதற்கப்பா இதெல்லாம்?” என்றார். அபராதக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கழித்து ஒதுக்கிய கணினிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆய்வக உதவியாளர் அண்ணன் இரண்டு கணினிகளின் நினைவகத்தைக் கழற்றி ஒன்றில் பூட்டி 4 ஜி.பி. ஆக்கித் தந்தார். அதில் டெபியன் லினக்ஸ் ஏற்றினோம். மென்பொருளுக்கு ஒரு காசு செலவில்லை.

முதலில் வழங்கி. என்ஜி-ஐ.ஆர்.சி.டி. என்ற சிறு மென்பொருள், சிறிய தனி வலையமைப்புகளுக்கென்றே எழுதப்பட்டது. ஒரே ஓர் அமைப்புக் கோப்பு. அதில் வழங்கியின் பெயர், நிர்வாகியின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதினால் போதும்.

அடுத்தது உலாவியில் திறக்கும் கிளையண்ட். நாங்கள் தேர்ந்தது தி லவுஞ்ச். இது நோட்.ஜேஎஸ் மேடையில் இயங்குவது, தொண்டர்கள் வளர்த்துவருவது. இதை ஒவ்வொருவர் கணினியிலும் நிறுவ வேண்டியதில்லை. எங்கள் பழைய கணினியில் ஒருமுறை நிறுவினால், வளாகத்தில் உள்ள எந்தக் கணினியின் உலாவியிலும் அதன் முகவரியையும் 9000 என்ற போர்ட் எண்ணையும் தட்டித் திறக்கலாம்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லவேண்டும். தி லவுஞ்சில் இரண்டு முறைகள் உண்டு: பொது முறை, தனி முறை. பொது முறையில் கணக்குத் தேவையில்லை. வந்தவர் பெயரைத் தட்டி உள்ளே போகலாம். 48 பேருக்குக் கணக்குத் தொடங்கச் சோம்பி நான் பொது முறையை வைத்தேன். முதல் நாள் ஒரே கொண்டாட்டம்! மறுநாள் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. காரணம் என்ன? ஐ.ஆர்.சி. செய்திகளைச் சேமித்து வைப்பதில்லை. அரங்கில் இருப்பவர் காதில் விழும், இல்லாதவர்க்கு இல்லை. பொது முறையில் உலாவியை மூடினால் நாம் அரங்கை விட்டே வெளியேறிவிடுவோம். எந்தக் குறையைத் தீர்க்க இதைத் தொடங்கினேனோ, அதே குறையை மீண்டும் கட்டி வைத்திருந்தேன்!

தனி முறையில் கதை வேறு. ஒவ்வொருவர்க்கும் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. நாம் உலாவியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாலும், தி லவுஞ்ச் நம் பெயரில் அரங்கிலேயே அமர்ந்திருக்கும். கேட்டதையெல்லாம் குறித்து வைக்கும். மறுநாள் வந்து திறந்தால், “இதுவரை படித்தீர்கள், இதன்பின் புதியவை” என்று ஒரு கோடு கிழித்துக் காட்டும். வகுப்புக்கு வராத நாளில் நமக்காகக் குறிப்பெடுக்கும் நண்பனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உணவு இடைவேளை முழுதும் செலவிட்டு 48 கணக்குகளையும் தொடங்கினேன்.

அரங்குகள் இரண்டு அமைத்தோம். ஒன்று ‘அறிவிப்பு’, மற்றொன்று ‘ஐயம்’. அறிவிப்பில் வகுப்புப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் மட்டுமே எழுதலாம், மற்றவர் படிக்கலாம். ஐ.ஆர்.சி.யில் இதற்கென ஒரு கட்டளை முதலிலிருந்தே உண்டு. ஆதலின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் தேர்வுக் கட்டணம் புதைந்துபோகாது. ஐயம் அரங்கில் யாரும் எதையும் கேட்கலாம்.

மூன்றாவது பணி பாதுகாப்பு. தொடங்கிய சில நாட்களில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் வந்து, வயர்ஷார்க் என்ற மென்பொருளை எங்கள் கணினியில் ஓட்டி, என்னை உள்நுழையச் சொன்னார். என் கடவுச்சொல் திரையில் பச்சையாக ஓடியது! மறைகுறியாக்கம் இல்லாத தொடர்பு அஞ்சலட்டை போன்றது. கையில் எடுப்பவர் எல்லாரும் படிக்கலாம். அன்றே சான்றிதழ் ஒன்றை உருவாக்கி எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு மாற்றினோம். அது நாங்களே செய்துகொண்ட சான்றிதழ் ஆதலால் முதன்முறை திறக்கும்போது உலாவி எச்சரிக்கும். பொது இணையத்தில் முகவரி வாங்கி வைத்தால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாகவே சான்றிதழ் பெறலாம்.

தமிழும் 512 பைட்டும்

அறிவிப்பைத் தமிழில் எழுதியபோது ஒரு விந்தையைக் கண்டோம். ஆங்கிலத்தில் ஒரே வரியாகச் சென்ற அறிவிப்பு, தமிழில் இரண்டு மூன்று துண்டுகளாக விழுந்தது. ஏன்?

ஐ.ஆர்.சி. நெறிமுறையில் ஒரு செய்திவரி, முகவரிப் பகுதியையும் சேர்த்து 512 பைட்டுக்கு மேல் போகலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். ஆனால் இன்று வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கல்லூரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கோ க, ல, புள்ளி, ல, ஊகாரக் குறி, ர, இகரக் குறி என ஏழு. ஆக 21 பைட். இதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலும் ஏழு எழுத்துதான். ஆனால் 7 பைட்! எனவே ஒரு வரியில் தமிழ்க் குறிகள் நூற்றைம்பதுக்கும் குறைவாகவே கொள்ளும். புனைபெயரிலும் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே. யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991இல். அதற்கு மூன்றாண்டு முன்பே பிறந்த நெறிமுறை நம் மொழியை நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. பின்வந்த எக்ஸ்.எம்.பி.பி.யிலும் மேட்ரிக்ஸிலும் இவ்வளவு நெருக்கடி இல்லை. ஆயினும் எங்கள் சிறு கணினிக்கு ஐ.ஆர்.சி.யே பொருந்தியது. நாங்கள் அறிவிப்பைச் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டோம். அதுவும் நன்மையே!

நம்பிக்கை என்னும் பூட்டு

வகுப்புத் தோழி ஒருத்தி முதல் வாரத்தில் நேரடியாகக் கேட்டாள்: “நாங்க எழுதுறத நீ படிக்க முடியுமா?”

முடியும் என்பதே உண்மை. கடவுச்சொல் உருமாற்றிச் சேமிக்கப்படுவதால் அதை நான் அறிய முடியாது. ஆனால் செய்திகள் அந்தக் கணினியின் வட்டில் வெளிப்படையான எழுத்தாகவே இருக்கின்றன. இருவர் தனியே பேசிக்கொள்வதும் அப்படியே. வழியில் போவோரிடமிருந்து எச்.டி.டி.பி.எஸ். காக்கும், வீட்டுக்காரரிடமிருந்து காக்காது. அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அன்று மாலையே அறிவிப்பு அரங்கின் தலைப்பில், “இங்கு எழுதுவதை நிர்வாகி படிக்க இயலும், சொந்தச் செய்திகளை எழுத வேண்டாம்” என்று பொறித்தோம். நிர்வாகத்தில் என்னோடு அவளையும் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் கையில் மட்டும் சாவி இருக்கலாகாது என்பது எங்கள் விதி.

சொந்தமாக அமைத்துவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று எண்ணுவது பேதைமை. திண்ணைக்காரர் மாறுகிறார், அவ்வளவே. வேறுபாடு ஒன்றுதான்: இந்தத் திண்ணைக்காரரை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. மின்சாரம் போனால் அரங்கம் ஊமை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் வெள்ளம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நினைவால் கணினியைத் தரையில் வைக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துள்ளோம். வாரந்தோறும் பதிவுகளை ஒரு பென்டிரைவில் படியெடுக்கிறோம். வளாகத்துக்கு வெளியிலிருந்து இதைத் திறக்க முடியாது என்பது மற்றொரு குறை. மாலையில் வரும் செய்தியை வகுப்புப் பிரதிநிதி மறுநாள் காலை அறிவிப்பில் எழுதுகிறார். ஆனால் வெளி இணையம் அறுந்த நாளிலும் வளாகத்துக்குள் எங்கள் அரட்டை தடையின்றி நடக்கும்!

அச்சகமும் சாலையும்

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வழியாகச் செல்லும்போதெல்லாம் பாரதியார் வாழ்ந்த வீட்டைக் கடப்பேன். சென்னையில் ஆங்கில அரசின் கெடுபிடி முற்றியபோது, 1908இல் ‘இந்தியா’ இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தது. இங்கே அச்சகத்தில் எவரும் கைவைக்க இயலவில்லை. ஆனால் இதழைத் தம் எல்லைக்குள் நுழையவிடாமல் ஆங்கில அரசு தடுத்தது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. அச்சகம் நமதாயிருந்தால் மட்டும் போதாது. வாசகரிடம் செல்லும் சாலையும் திறந்திருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

எங்கள் பழைய கணினி இன்னும் அலமாரி மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குரிய சாலை நூலகத்து உலாவி வரை நீள்கிறது. அவ்வளவுதான் நீளம், ஆனால் எங்கள் ஆறு பேருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இவ்வாண்டு தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே கட்டினேன். ரசீதை அம்மாவிடம் காட்டியபோது, “யார்டா சொன்னாங்க?” என்று கேட்டார். “யாரும் சொல்லலம்மா, நானே பார்த்தேன்” என்றேன்.

தம்பிகளே, தங்கைகளே! அடுத்த ஆண்டோடு நாங்கள் இக்கல்லூரியை விட்டுச் செல்வோம். கணினியைப் புதுப்பிப்பதும் கணக்குத் தொடங்குவதும் பதிவுகளைப் படியெடுப்பதும் கடினமான கலைகளல்ல. பொறுமை உள்ள எவரும் ஒரு வாரத்தில் கற்கலாம். இயந்திரம் தானாக ஓடும். திண்ணையைப் பெருக்கி வைக்கத்தான் ஆள் வேண்டும். பொறுப்பேற்க முன்வருவோர் ஐயம் அரங்கில் ஒரு வரி எழுதுங்கள். கைபேசி இல்லையென்றால் கவலை வேண்டாம். உங்களுக்காகத்தான் அது கட்டப்பட்டது.